‘தள்ளி நில்லுங்க’ என்று ஒரு பட்டன்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். ஆனால் எங்கள் தெருவிலிருந்து ரயில் நிலையம் வரை ஒரு நடை நடந்து பாருங்கள். இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, எதைத் தொட்டாலும் என் பட்டறையில் அடித்ததாகத்தான் இருக்கும். வாடகை வெல்டிங் மெஷினோடு ஒற்றை ஆளாய் ஆரம்பித்தவன் நான். என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தனிப் புத்தகம் போட வேண்டி வரும் என்பதால் அதை இப்போதைக்கு விட்டுவிட்டு, என் மருமகளைப் பற்றி எழுதுகிறேன்.

அவள் ஒன்றும் பெரிய பதவிக்காரி இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை. நாளைக்கு வாத்தியாராகப் போகிறவர்களுக்கு இன்றைக்கு வாத்தியார்.

என் மகன் அவளை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. அவளுக்குப் பேச்சு திக்கும். எனக்கோ அடுத்தவர் பேசி முடிக்கிறவரை பொறுமை கிடையாது.

“என்ன வேலைம்மா பாக்கறே?” என்று கேட்டேன்.

“ஆசிரியர் ப... ப...”

“பள்ளிக்கூடமா?”

அவள் ஆள்காட்டி விரலை மெல்ல உயர்த்தினாள். அதட்டுகிற மாதிரி இல்லை. வண்டியை ஓரமாய் நிறுத்தச் சொல்கிற மாதிரி.

“ப...”

“படிப்பா? பரீட்சையா?”

விரல் இறங்கவில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து வந்தே விட்டாள். “முந்திரிக்கொட்டை மாதிரி நடுவுல விழாதீங்க. அவ சொல்றா இல்ல?”

“ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, மாமா,” என்று முடித்தாள் அந்தப் பெண். “எனக்கு வார்த்தை லேட்டா வரும். ஆனா வந்துடும். நீங்க எடுத்துக் குடுத்தீங்கன்னா அது உங்க வார்த்தை ஆயிடும்.”

என் முகத்துக்கு நேராக இப்படி ஒருத்தரும் பேசியதில்லை. என் மகனைத் தனியே கூப்பிட்டு, “விட்டுடாதடா இவளை,” என்றேன். ஆளை எடை போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கல்லூரியில் கீழ்த்தளத்துக் கடைசி அறை அவளுடையது. ‘துணைக்கருவி அறை’ என்று கதவில் எழுதியிருக்கும். கண் தெரியாத பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள், காது மந்தமான பிள்ளையின் காதுமெஷினுக்கு நேராகக் குரலை அனுப்பும் மைக், எழுத்தைக் கை அகலத்துக்குப் பெரிதாக்கும் கேமரா, இன்னும் என்னென்னவோ. பழைய பெஞ்சுகள் அடைந்து கிடந்த இடம் அது. ஒவ்வொரு கருவிக்கும் யார் யாரிடமோ கேட்டு, அலைந்து, அவள் சேர்த்து வைத்தது. நேர்முகத் தேர்வில் ஒருவர், “பேச்சே வராத நீங்க ஆசிரியர்களுக்கு எப்படிப் பயிற்சி குடுப்பீங்க?” என்று கேட்டாராம். “பேச்சு வர்றவங்களுக்குக் கேக்கத் தெரியலையே சார், அதைத்தான் சொல்லிக்குடுக்கப் போறேன்,” என்றாளாம். அந்தப் பதிலை நான் இதுவரை ஊரில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டேன்.

அவள் பாடம் நடத்தும் விதமே தனி. கருவியைப் பற்றி எழுதச் சொல்ல மாட்டாள். அதை வைத்துப் பிழைக்கச் சொல்லுவாள். மானிட்டரை அணைத்துவிட்டு, காதில் கேட்பதை வைத்தே விடுப்புக் கடிதம் அடிக்க வேண்டும். “மெஷின் பாடம் நடத்தாது. மெஷின் கதவு மாதிரி, திறந்து விடறது நீங்கதான்,” என்பாள். அந்தக் கதவு உவமை எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வருடம் இந்த அறைக்கு ஆபத்து வந்தது.

கல்லூரி முதல்வர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். மேலிடத்துக் குழு ஒன்று வருகிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிற வகுப்பில் பயிற்சி ஆசிரியர் ஒருவர் பாடம் நடத்துவதைப் பார்க்கும். பிடித்திருந்தால் அறை நிலைக்கும், எல்லாப் பயிற்சி ஆசிரியர்களும் கட்டாயம் கற்க வேண்டிய பாடமாகவும் ஆகும். பிடிக்காவிட்டால் வருடத்துக்கு ஒரு நாள் சொற்பொழிவு வைத்துப் பாடத்தை முடித்துவிட்டு, அறையைப் பரீட்சைத் தாள் அடுக்கக் கொடுத்துவிடுவார்கள்.

அன்று சாப்பிடும்போது அவள் தட்டைத் தொடவில்லை. “யாரைப் பாடம் நடத்த விடப்போறே?” என்று மகன் கேட்டான்.

“ரேடியோவை.”

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேடியோ என்பது அவளிடம் படிக்கும் ஒரு பெண்ணுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். அணைக்க முடியாத ரேடியோ. நல்ல மூளை, நல்ல மனசு, ஆனால் அமைதி என்றால் அவளுக்கு அலர்ஜி. எங்காவது பேச்சு நின்றால் ஓடிப்போய் நிரப்பிவிடுவாள்.

“அவ என்னை மாதிரி ஆளாச்சேம்மா,” என்றேன்.

“அதனாலதான் மாமா. அவ காத்திருக்கக் கத்துக்கிட்டா, எல்லாரும் கத்துக்கலாம்னு அர்த்தம்.”

ரேடியோ பாடம் நடத்தப்போகும் பள்ளி வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தையல்காரியின் மகள். சக்கர நாற்காலியில் வருவாள். உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்துப் பிள்ளைகள் ‘மகாராணி’ என்று கூப்பிட, அதை அவளே உத்தியோகப் பெயராக வைத்துக்கொண்டாள். மூளையில் ஒரு குறையும் இல்லை. தசைகள்தான் சொல் பேச்சுக் கேட்காது, நாக்கும் சேர்த்து. இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் அவள் சொன்னபடி நடக்கும். அந்த விரலால் டேப்லெட்டில் படமும் சொல்லும் போட்ட பட்டன்களைத் தொட்டால் அது குரல் கொடுத்துச் சொல்லும். பேசும் பலகை என்பார்கள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நீங்கள் ஒரு டீயை ஆற்றிக் குடித்துவிடலாம்.

அந்தப் பலகையை நாற்காலியோடு பொருத்தும் தாங்கி என் கைவேலை. முதலில் அடித்தது கொஞ்சம் கனம். கொஞ்சம் என்றால், நாற்காலி முன்பக்கமாகச் சாய்ந்தது. “மாமா, இதுல கப்பலையே கட்டலாம்,” என்றாள் மருமகள். என் வேலையில் உறுதிதான் முக்கியம். பிறகு குழாயை மெலிசாக்கி, மகாராணியின் விரல் எட்டும் சாய்வுக்கு வளைத்து, திருகாணி வைத்து இறுக்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் அது இம்மி அசையாது.

ஒத்திகை நடந்தது. பாடம், நிழல். நான் தாங்கியைப் பொருத்தப் போயிருந்ததால் கண்ணால் பார்த்தேன். ரேடியோ கேட்டாள்: “வெளிச்சம் இல்லாட்டி நிழல் இருக்குமா, மகாராணி?”

மகாராணியின் விரல் பலகையை நோக்கி நகர்ந்தது. “நிழல்,” என்றது பலகை. விரல் மறுபடி கிளம்பியது.

“இருக்காதுன்னு சொல்ல வர்றே, அதானே? சூப்பர். எல்லாரும் கை தட்டுங்க.”

பிள்ளைகள் தட்டினார்கள். மகாராணி விரலை மடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அப்புறம் அன்றைக்கு எந்தப் பட்டனையும் தொடவில்லை. ரேடியோவுக்கு ஏன் என்றே புரியவில்லை. “நல்லாத்தானே மேடம் பாராட்டினேன்,” என்றாள், முகம் தொங்கிப்போய்.

என் மருமகள் திட்டவில்லை. மறுநாள் பயிற்சி ஆசிரியர்கள் எல்லார் கையிலும் ஆளுக்கு ஒரு பலகை கொடுத்தாள். அவர்களே பட்டன் போட்டுத் தயாரித்த பலகைகள். “இன்னைக்கு யாருக்கும் வாய் கிடையாது. வெளியில போய் ஏதாவது வாங்கிட்டு வாங்க. குறுக்கே பேசறவங்களுக்கு விரலைக் காட்டுங்க.”

ரேடியோவை அனுப்பிய இடம் என் பட்டறை.

வேலை உச்சத்தில் இருந்த நேரம். கிரைண்டர் கத்திக்கொண்டிருந்தது. வாசலில் பலகையோடு நின்றாள். “வணக்கம்,” என்றது பலகை.

“வா வா, மருமக அனுப்பினாளா? என்ன வேணும்? ஆணியா?”

விரல். பிறகு பலகையைத் தேடித் தேடி: “தயவுசெய்து.” மறுபடி தேடி: “சின்ன.”

“சின்ன ஆணியா? சின்னக் கம்பியா? சின்னப் பூட்டா?”

விரல் நிமிர்ந்தே நின்றது. அவள் கண் தெறித்துவிடும் போல இருந்தது. இத்தனை நேரம் பேசாமல் அந்தப் பெண் உயிரோடு இருப்பதே அதிசயம். அவள் எட்டிப் பார்க்க முயன்றாள். நான் என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் இன்னும் கிட்டப் போனேன். அவள் இடப்பக்கம் சாய்ந்தால் நானும் சாய்ந்தேன். வலப்பக்கம் போனால் நானும் போனேன். பலகை, “நன்றி,” என்றது. “பாத்ரூம்,” என்றது. “நான் நலம்,” என்றது.

“பாத்ரூம் பின்னாடி இருக்கும்மா.”

கடைசியில் மேஸ்திரிதான், “முதலாளி, அந்தப் பொண்ணு உங்களுக்குப் பின்னாடி இருக்கிற திருகாணி டப்பாவைப் பாக்குது. நீங்கதான் சுவர் மாதிரி நிக்கறீங்க,” என்றார். நகர்ந்தேன். அவள் டப்பாவிலிருந்து ஒரு திருகாணியை எடுத்துக்கொண்டு, ‘நன்றி’யை நச்சென்று குத்திவிட்டு ஓடினாள். அந்த நன்றியில் நன்றி இல்லை.

கல்லூரிக்குப் போய் வாய் திறந்த மாத்திரத்தில் அவள் சொன்னதை மருமகள் வீட்டில் வந்து அப்படியே சொன்னாள்: “மேடம், இந்தப் பலகையில தயவுசெய்து இருக்கு, நன்றி இருக்கு, மன்னிச்சுக்குங்க இருக்கு. தள்ளி நில்லுங்கன்னு சொல்ல ஒரு பட்டன் இல்லை. நாமளே நல்ல பிள்ளைப் பட்டனா பாத்துப் போட்டு வெச்சிருக்கோம். மகாராணிக்கு யார்மேலயாவது கோவம் வந்தா என்ன பண்ணுவா?”

“ஜ... ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா,” என்றாளாம் என் மருமகள்.

அந்த ரேடியோ அணைந்ததை முதன்முதலாக எல்லாரும் பார்த்தார்கள்.

அன்றே மகாராணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுப் பட்டன்கள் போட்டார்கள். ‘எனக்குப் பிடிக்கலை’, ‘பொறுங்க’, ‘நான் இன்னும் முடிக்கலை’, ‘தள்ளி நில்லுங்க’. எது எங்கே இருக்க வேண்டும் என்று காட்டியது அவள்தான். ‘தள்ளி நில்லுங்க’வைத் தன் விரலுக்கு ரொம்பக் கிட்டத்தில் வாங்கிக்கொண்டாள். முதல்வர் பார்த்துவிட்டு, “குழு வர்ற நேரத்துல இது கொஞ்சம் மரியாதைக் குறைவா இருக்காதா?” என்றாராம். “சார், பேசத் தெரிஞ்ச பிள்ளைங்க இதெல்லாம் நாள் முழுக்கச் சொல்லுதுங்க,” என்றாள் மருமகள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

குழு வந்த நாள் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பட்டறையை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு, பையில் ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். “உங்களை யாரு கூப்பிட்டா?” என்றாள் மனைவி. தாங்கி செய்தவன் இல்லாமல் தாங்கியை நம்பி எப்படி விடுவது?

வகுப்பில் திரைகளை மூடி இருட்டாக்கியிருந்தார்கள். பின்னால் ஒரு மேசை விளக்கு. முன் சுவரில் வெள்ளைத் துணி. பிள்ளைகள் துணியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மகாராணியின் நாற்காலி கடைசி வரிசையில், நடைபாதையை ஒட்டி, விளக்குக்குப் பக்கத்தில். சுவரோரம் குழுவினர். தலைவர் வயதில் பெரியவர், தன்மையான முகம். என் மருமகள் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் இனி ஒன்றும் செய்ய முடியாது. எல்லாம் ரேடியோவின் வாயில், அதாவது வாயை மூடுவதில் இருந்தது.

ரேடியோ அட்டைப் பொம்மையை வெளிச்சத்தில் நீட்டினாள். துணியில் பொம்மையின் நிழல் குதித்தது. காது மந்தமான பிள்ளைக்காகக் கழுத்து மைக்கில் பேசினாள், நிழல் வளர்வதையும் குறைவதையும் வாயால் சொல்லிக்கொண்டே போனாள். கண் தெரியாத பையன் ஒருவன் விளக்கருகே வந்து அதன் சூட்டை உள்ளங்கையால் தேடி, அட்டை நடுவில் வந்ததும், “இப்ப மறைச்சிடுச்சு,” என்றான். அசந்துபோனேன்.

அப்போதுதான் தாங்கியின் திருகாணி லேசாகத் திரும்பியிருப்பதைப் பார்த்தேன். பூனை நடையில் போய்க் குனிந்து இறுக்கினேன். இறுக்கிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று நிமிர்ந்து நின்று ரசித்தேன்.

துணி முழுக்க இருண்டது.

“லைட்டு போயிடுச்சு,” என்றான் ஒருவன். “பொம்மை கீழ விழுந்துடுச்சு,” என்றாள் இன்னொருத்தி. ரேடியோ எங்கள் பக்கம் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்பது இப்போது புரிகிறது. ஆனால் அதே நேரம் மகாராணியின் விரல் பலகைக்கு மேலே எழுந்தது. ரேடியோ வாயை மூடினாள்.

“பொம்மையோட நிழல் எங்க போச்சு, யாரு சொல்றீங்க?” என்று மட்டும் கேட்டாள். “மகாராணி சொல்லட்டும். பொறுங்க.”

“நிழல்,” என்றது பலகை.

பிறகு ஒன்றுமில்லை. விரல் காற்றில் அலைந்தது. பிள்ளைகள் மூச்சுவிடுவது கேட்டது. முதல்வர் கனைத்தார். ரேடியோவின் கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“நிழல் போயிடுச்சுன்னு சொல்றா பாப்பா,” என்றார் குழுத் தலைவர், ரொம்ப அன்பாக. “நல்லா சொன்னேம்மா. மேல நடத்துங்க டீச்சர்.”

மகாராணி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. விரலைப் பலகையிலிருந்து எடுத்து, நேராக அவரை நோக்கி உயர்த்தினாள். அதே விரல். எங்கள் வீட்டுக்கு முதல் நாள் வந்த விரல்.

தலைவருக்குப் புரியவில்லை. ரேடியோ சொன்னாள், குரல் நடுங்கினாலும் தெளிவாக: “சார், அவ இன்னும் முடிக்கலை.”

மூலையைப் பார்த்தேன். என் மருமகள் கண் கொட்டவில்லை.

விரல் இறங்கியது. “பெரிய,” என்றது பலகை. நேரம் போனது. “தாத்தா.” இன்னும் நேரம். “நிழல்.” பிறகு, தேடவே தேவையில்லாமல் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்த அந்தப் பட்டன், நச்சென்று:

“தள்ளி நில்லுங்க.”

வகுப்பு மொத்தமும் திரும்பியது. விளக்குக்கு முன்னால் ஸ்பேனரும் கையுமாக நான். ஒரு அடி தள்ளினேன். வெள்ளைத் துணியில் பொம்மை மறுபடி குதித்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கண் தெரியாத பையன், “என்ன ஆச்சு, என்ன ஆச்சு?” என்று துள்ள, பக்கத்துப் பிள்ளை, “தாத்தா வெளிச்சத்தை மறைச்சிட்டாரு, மகாராணி விரட்டிட்டா,” என்று விளக்கம் கொடுத்தாள். நிழல் பாடத்தை இதைவிடச் சுருக்கமாக யாராவது சொல்லிவிட முடியுமா? அதற்கு வேண்டிய உடம்பைக் கொடுத்தவன் நான் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

தலைவர் எழுந்து மகாராணியிடம் வந்தார். கொஞ்சம் எட்டவே நின்றுகொண்டார். “நான் நடுவுல பேசிட்டேன். தப்புதான்,” என்றார். பிறகு ரேடியோவைப் பார்த்து, “இந்தப் பட்டனை யார் போட்டது?” என்று கேட்டார்.

“நான்தான் சார். ஒரு பட்டறையில தேவைப்பட்டுச்சு.”

முதல்வர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

குழு கதவை மூடிக்கொண்டு கூடியது. எனக்கு ஒரு கேட் அன்றே மாட்டிக் கொடுக்க வேண்டியிருந்ததால் பட்டறைக்குத் திரும்பினேன். அன்று அந்த கேட்டை எப்படி அடித்தேன் என்று எனக்கே தெரியாது. வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. போன் செய்யலாம் என்றால், சாப்பாடு கொண்டுவந்த மனைவி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். “அவளா வருவா, அவளா சொல்லுவா. உங்க வாய்க்கும் ஒரு சுவிட்ச் வெல்டு பண்ணிக்கிட்டா என்ன?”

பொழுது சாயும் நேரம் மருமகள் வந்தாள். பின்னால் ரேடியோ, கையால் வாயைப் பொத்திக்கொண்டு. விஷயம் அவளுக்கும் தெரியும், முகமே சொன்னது. ஆனால் சொல்ல வேண்டியது யார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“மாமா,” என்றாள். “அறை...”

நின்றுவிட்டது. சந்தோஷமானாலும் துக்கமானாலும் அவளுக்கு அதிகமாய்த் திக்கும். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

“அறை ந... ந...”

என் தொண்டைக்குள் வார்த்தைகள் வரிசை கட்டி நின்றன. நம்மளுதா, நடக்காதா, நாளைக்கா. ஒவ்வொன்றும் என்னை விடு, என்னை விடு என்று இடித்தது. ரேடியோ என்னையே பார்த்தாள். நான் குறுக்கே பேசினால் உயர்த்திக் காட்டத் தன் விரலைத் தயாராக வைத்திருந்தாள் என்பதையும் கவனித்தேன். என்னிடமா அந்த விளையாட்டு? இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு அடி தள்ளியும் நின்றேன்.

“ந...”

பட்டறை இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

“நம்மகிட்டயே இருக்கு, மாமா. எல்லாருக்கும் கட்டாயப் பாடம். அதுவும் அடுத்த வருஷத்துல இருந்தே.”

மேஸ்திரி சுத்தியலால், இரும்பை வைத்து அடிக்கிற தண்டவாளத் துண்டில் ஓங்கித் தட்டினார். ரேடியோ வாயிலிருந்து கையை எடுத்தாள். பிறகு அங்கே யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் அவள் ஒரே மூச்சில் கொட்டினாள்.

அவள் இழுத்து மூச்சு வாங்கிய இடைவெளியில் என் மருமகள் என் பக்கம் திரும்பினாள். “மாமா, நீங்க ஒரு வார்த்தைகூட எடுத்துக் குடுக்கலை.”

“இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா?” என்றேன்.